மாஃப் வினையூக்கியை எத்தனை முறை திரும்பப் பயன்படுத்தலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலோக அயனிகளையும் கரிம மூலக்கூறுகளையும் கோத்துக் கட்டிய துளைகள் நிறைந்த படிகங்களுக்கு உலோக-கரிமச் சட்டகங்கள் என்று பெயர். ஆய்வகத்தில் அந்த முழுப்பெயர் யார் வாயிலும் வராது, மாஃப்தான். அதை வினையூக்கியாக வைத்து வேலை தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு என் பதில்கள் இவை. சில பதில்கள் நீளும், சில ஓரிரு வரியோடு நிற்கும். எனக்கு எதில் கோபம் வரும் என்பதும் போகப் போகத் தெரிந்துவிடும்.

மாஃபின் அமைப்பை மனதில் எப்படி வாங்கிக்கொள்வது?

கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கழிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அவை சேரும் இடங்களில் முடிச்சு இருக்கும். மாஃபில் முடிச்சு என்பது ஓர் உலோக அயனி, அல்லது உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு சிறு கொத்து. கழி என்பது இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக்கூடிய கரிம மூலக்கூறு. இதை லிங்கர் என்போம். கழிகளுக்கு இடையே இருக்கும் வெற்றிடம்தான் துளை.

ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் 2008இல் வந்த யுஐஓ-66ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு முடிச்சுக்கு ஆறு ஜிர்கோனியம் அணுக்கள், அந்த முடிச்சைச் சுற்றிப் பன்னிரண்டு கழிகள். கழி வேறொன்றுமில்லை, பாலியெஸ்டர் துணிக்கும் பெட் பாட்டிலுக்கும் மூலப்பொருளான டெரிதாலிக் அமிலம்தான்.

பரப்பளவைச் சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. 2012இல் அறிவிக்கப்பட்ட என்யு-110 என்ற மாஃபில் ஒரு கிராமுக்கு 7140 சதுர மீட்டர். பன்னாட்டுக் கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பெருக்கிப் பாருங்கள், அதே 7140தான் வரும். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, ஆனால் வகுப்பில் சொல்ல வசதியான ஒற்றுமை.

2025 வேதியியல் நோபல் பரிசு வினையூக்கத்துக்காகவா கொடுத்தார்கள்?

இல்லை. சட்டகங்களை உருவாக்கியதற்காக. கியோட்டோவின் சுசுமு கிடகாவா, மெல்பர்னின் ரிச்சர்ட் ராப்சன், பெர்க்லியின் ஓமர் யாகி மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். ராப்சன் 1989இல் தாமிர அயனிகளை நான்கு கைகள் உள்ள கரிம மூலக்கூறுகளோடு கோத்து வைரம் போன்ற வலையமைப்பைக் கட்டிக் காட்டினார். கிடகாவா 1997இல் சட்டகம் இடிந்துவிடாமல் வாயுக்கள் உள்ளே போய்வர முடியும் என்று காட்டினார். யாகியின் மாஃப்-5 1999இல் வந்தது. மாஃப் என்ற பெயரைப் பரப்பியதும் அவர்தான்.

வினையூக்கம் அப்போதே பேச்சில் இருந்தது. இப்படிப்பட்ட சாரங்களுக்குள் வினைகளை நடத்தலாம் என்று ராப்சன் 1990 வாக்கிலேயே எழுதியிருக்கிறார். 1994இல் மக்கோட்டோ ஃபுஜிடாவின் குழு, காட்மியமும் பைபிரிடினும் சேர்ந்த ஒரு சட்டகத்தை வைத்து ஆல்டிஹைடுகளோடு சயனோ தொகுதியைச் சேர்த்தது. இந்தத் துறையின் பிள்ளையார் சுழி என்று பலரும் அதைத்தான் சொல்வார்கள்.

சட்டகத்தில் வினை எந்த இடத்தில் நடக்கிறது?

மூன்று இடங்களில் நடக்கலாம். முடிச்சில் இருக்கும் உலோகத்தில். கழியில் தொங்கவிட்ட அமினோ, சல்ஃபோனிக் அமிலம் போன்ற தொகுதியில். அல்லது துளைக்குள் அடைத்து வைத்த விருந்தாளியில், உதாரணமாகப் பல்லேடியம் நானோ துகளில். மூன்றாவது வகையில் மாஃப் வெறும் வீடு, வேலை செய்வது குடியிருப்பவர். எது வேலை செய்கிறது என்று தெளிவாகத் தெரியாமல் மறுபயன்பாட்டைப் பற்றிப் பேசுவது வீண். எது தேய்கிறது, எது போய்விட்டது என்று கேட்கவே முடியாது.

துளைக்குள் வினை நடக்கிறதா, வெளிப்பரப்பில் மட்டும்தானா?

நல்ல கேள்வி, போதுமான அளவு யாரும் கேட்காத கேள்வி. யுஐஓ-66இன் முக்கோண வாசல் ஏறக்குறைய 6 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு). பென்சீன் வளையம் அதில் நெருக்கிக்கொண்டு நுழையும். அதில் இரண்டு மூன்று கிளைகள் இருந்தால் வாசலிலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட மூலக்கூறு வினைபுரிகிறது என்றால் படிகத்தின் தோலில் மட்டும் புரிகிறது, அல்லது உள்ளே வாசலை அகலமாக்கிய குறைபாடுகள் இருக்கின்றன. சோதனை எளிது. ஒரே வினையைச் செய்யும் சிறிய, பெரிய மூலக்கூறுகள் இரண்டை எடுத்து வேகத்தை ஒப்பிடுங்கள். படிக அளவை மாற்றிப் பார்ப்பது இன்னும் நல்லது: படிகம் சிறிதாகச் சிறிதாக வேகம் ஏறினால் உள்ளே போய்வரும் பயணம்தான் தடை.

குறைபாடுள்ள மாஃப் தரம் குறைந்த மாஃபா?

வினையூக்கத்தில் நேர்மாறாகவும் இருக்கும். குறைபாடே இல்லாத யுஐஓ-66இல் ஒவ்வொரு ஜிர்கோனியமும் முழுதாக மூடப்பட்டிருக்கும். வினைபடுபொருள் வந்து உட்கார இடமே இருக்காது. ஒரு கழி விடுபட்டுப் போன இடத்தில்தான் உலோகம் கொஞ்சம் திறந்து நிற்கிறது. தயாரிக்கும்போது அசிட்டிக் அமிலமோ ஃபார்மிக் அமிலமோ சேர்ப்பதன் ஒரு காரணம் இதுவே. அதனால் "யுஐஓ-66 பயன்படுத்தினோம்" என்று மட்டும் எழுதுவது பாதித் தகவல். எத்தனை கழிகள் குறைகின்றன என்று வெப்ப எடையிழப்பு வரைபடத்திலிருந்து கணக்கிட்டு எழுதினால்தான் அடுத்தவர் அதே பொருளைச் செய்ய முடியும்.

தயாரித்த தூளை நேராகப் போட்டுவிடலாமா?

கூடாது. முதலில் ஆக்டிவேட் செய்ய வேண்டும், அதாவது துளைகளைக் காலி செய்ய வேண்டும். தயாரித்த கையோடு துளை முழுக்க டிஎம்எஃப் கரைப்பான் குந்தியிருக்கும். அது அதிகக் கொதிநிலை உள்ளது, சுலபத்தில் வெளியேறாது. மெத்தனாலில் ஊறவைத்து, மெத்தனாலை மாற்றி, மறுபடி ஊறவைத்து, பிறகு வெற்றிட அடுப்பில் சூடாக்குவோம். அவசரப்பட்டு நேராகச் சூடாக்கினால், கரைப்பான் வெளியேறும் இழுப்பில் சில சட்டகங்கள் அப்படியே சரிந்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் எச்கேயுஎஸ்டி-1 செய்து பாருங்கள். ஹாங்காங்கில் 1999இல் வந்த தாமிர மாஃப் அது. ஈரத்தோடு இருக்கும்போது வெளிறிய பச்சை கலந்த நீலம். வெற்றிடத்தில் 150 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் வைத்தால் தாமிரத்தின் மேல் ஒட்டியிருந்த நீர் மூலக்கூறு போய், தூள் கருநீலமாக, கிட்டத்தட்ட ஊதாவாக மாறும். அந்தக் காலியிடம்தான் வினையூக்கும் இடம். குப்பியைத் திறந்து மேசையில் வையுங்கள். நீங்கள் எடைத்தாளை மடித்து எடுப்பதற்குள் விளிம்பிலிருந்து நிறம் வெளிறத் தொடங்கும். காற்றின் ஈரம் அந்த இடத்தை மறுபடி பிடித்துக்கொண்டது. "போன வாரம் நன்றாக வேலை செய்தது, இந்த வாரம் செய்யவில்லை" என்று யாராவது வந்தால், நான் முதலில் கேட்பது குப்பியின் நிறம்தான்.

ஐந்து முறை பயன்படுத்தியும் விளைச்சல் குறையவில்லை என்று கட்டுரைகளில் வருகிறதே, அது போதாதா?

போதாது. எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். ஐந்து பட்டைகள் ஒரே உயரத்தில் நிற்கும் அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம்: 99, 99, 98, 98, 97. அழகாக இருக்கும். ஆனால் வினை முழுதாக முடிந்த பிறகு அளந்த எண்கள் என்றால், அவை வினையூக்கியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். முதல் வகை வினை ஒன்று, அதாவது மிச்சமிருக்கும் வினைபடுபொருளின் அளவுக்கு ஏற்ப வேகம் மாறும் வினை, புதிய வினையூக்கியோடு 1 மணி நேரத்தில் 99 விழுக்காடு முடிகிறது. வேக மாறிலி மணிக்கு 4.6. நீங்கள் "பாதுகாப்புக்காக" 6 மணி நேரம் ஓட விடுகிறீர்கள். இப்போது வினையூக்கியின் செயல்திறனில் 80 விழுக்காடு செத்துவிட்டது என்று வையுங்கள். வேக மாறிலி 0.92 ஆகிறது. 6 மணி நேரத்தில் எவ்வளவு முடியும்? 99.6 விழுக்காடு. ஐந்தில் நான்கு பங்கு போயும் பட்டை அசையவில்லை.

அதே இரண்டு தூள்களையும் 15 நிமிடத்தில் அளந்திருந்தால்? புதியது 68 விழுக்காடு, பழையது 21. குட்டு உடைந்துவிடும்.

ஆகவே மறுபயன்பாட்டுச் சோதனையை வினை பாதிகூட முடியாத நேரத்தில் அளக்க வேண்டும். முடிந்தால் ஒவ்வொரு சுற்றிலும் 5, 10, 20, 40 நிமிடங்களில் மாதிரி எடுத்து முழு வளைவையும் வரையுங்கள். முதல் சுற்றின் வளைவும் ஐந்தாம் சுற்றின் வளைவும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் அந்த மாஃப் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது. வேலை கூடும்தான், நான்கு மடங்கு மாதிரிகளை ஜிசியில், அதாவது கலவையைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவியில், போட வேண்டும். வேறு வழி இல்லை.

இன்னொன்று: ஐந்து சுற்று என்பதே சின்ன எண். 1 மில்லிமோல் வினைபடுபொருளுக்கு 2 மோல் விழுக்காடு உலோகம் போட்டால், ஒரு சுற்றில் ஓர் உலோக அணு அதிகபட்சம் 50 மூலக்கூறுகளை மாற்றுகிறது. ஐந்து சுற்றும் சேர்த்து 250. கரைசலில் கரையும் ஒரு நல்ல பல்லேடியம் வினையூக்கி ஒரே சுற்றில் இதைவிடப் பல மடங்கு மாற்றிவிட்டு, குப்பைக்குப் போகும். யார் சிக்கனக்காரர் என்று பட்டையின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

உலோகம் கரைந்து போய், கரைசலில்தான் வினை நடக்கிறது என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

சூட்டோடு வடிகட்டும் சோதனை. வினை 30 அல்லது 40 விழுக்காடு நடந்த நேரத்தில், வினை நடக்கும் அதே வெப்பநிலையில், தூளை வடிகட்டி எடுத்துவிட வேண்டும். தெளிந்த கரைசலை அதே சூட்டில் தொடர்ந்து கலக்குங்கள். வினை அங்கேயே நின்றுவிட்டால் நல்லது. தொடர்ந்து நடந்தால், வேலை செய்தது தூளிலிருந்து கசிந்த ஏதோ ஒன்று.

கேட்க எளிது. செய்யும்போது மூன்று பள்ளங்கள் உண்டு. ஆறவிட்டு வடிகட்டுவது முதல் பள்ளம். சூட்டில் கரைந்திருந்த உலோகம் ஆறும்போது திரும்பத் தூளின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். பல்லேடியத்துக்கு இது வாடிக்கை. கசிவே இல்லை என்று நீங்கள் சந்தோஷமாக எழுதுவீர்கள்.

இரண்டாவது வடிதாள். சாதாரண வடிதாளின் துளை மைக்ரோமீட்டர் கணக்கு. உங்கள் படிகமோ 100 நானோமீட்டராக இருக்கலாம். அது தண்ணீர் போல வழிந்து போகும். பிறகு கரைசலில் வினை தொடர்ந்தால் கசிவு என்று தவறாக முடிவு செய்வீர்கள். உங்கள் படிகத்தைவிடச் சிறிய துளை உள்ள சிரிஞ்சு வடிகட்டி பயன்படுத்துங்கள். பெரிய படிகமாக வளர்த்துச் செய்தால் இன்னும் நிம்மதி. கையில் லேசர் பேனா இருந்தால் வடித்த கரைசலுக்குள் அடித்துப் பாருங்கள். ஒளிக்கோடு பளிச்சென்று தெரிந்தால் இன்னும் தூள் உள்ளே மிதக்கிறது. கோடு தெரியவில்லை என்றால் தூளே இல்லை என்று நிரூபணமாகிவிடாது, ஆனால் தெரிந்தால் சந்தேகமே இல்லை.

மூன்றாவது, கசிவது உலோகம் மட்டும்தான் என்று நினைப்பது. எஸ்டராக்கல் வினையில் விடுபட்ட டெரிதாலிக் அமிலமும் அமில வினையூக்கியாக வேலை செய்யலாம். அதனால் உலோக உப்பை மட்டும் போட்டு ஒரு வினை, லிங்கரை மட்டும் போட்டு ஒரு வினை, எதுவுமே போடாமல் ஒரு வினை என மூன்று வெற்று ஓட்டங்களும் தேவை. பென்சால்டிஹைடும் மாலனோநைட்ரைலும் சேரும் நோவெனாகல் வினையை மாஃப் கட்டுரைகளில் அதிகம் பார்ப்பீர்கள். சரியான கரைப்பானில் வினையூக்கியே இல்லாமல்கூட அது கணிசமாக நடக்கும் என்பதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

ஐசிபியில் (கரைசலில் உள்ள உலோகத்தை அளக்கும் கருவி) 1 விழுக்காடுதான் கசிவு என்று வந்தது. கவலைப்பட வேண்டுமா?

எந்த உலோகம் என்பதைப் பொறுத்தது. 50 மில்லிகிராம் யுஐஓ-66இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 16.5 மில்லிகிராம் ஜிர்கோனியம். அதில் 1 விழுக்காடு 5 மில்லிலிட்டரில் கரைந்தால் 33 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 33 பங்கு. பல வினைகளுக்கு இது பெரிதல்ல. ஆனால் பல்லேடியத்தில் இரண்டு கரிமத் துண்டுகளை ஒட்டும் சுசூகி இணைப்பு செய்கிறீர்கள் என்றால், ஓரிரு பிபிஎம்மே முழு வினையையும் நடத்திவிடும். அங்கே "வெறும் 1 விழுக்காடு" என்பது வினையூக்கியின் முழு விலாசம். விழுக்காட்டை விட்டுவிட்டு பிபிஎம்மில் எழுதுங்கள், படிப்பவர் தானே முடிவு செய்துகொள்வார்.

முன்னும் பின்னும் எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் வரைபடம்) ஒரே மாதிரி இருந்தால் சட்டகம் உடையவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

படிகமாக மிச்சமிருக்கும் பகுதி உடையவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவே. யுஐஓ-66க்கு, தாமிரக் கதிரில், 7.4 டிகிரியிலும் 8.5 டிகிரியிலும் இரண்டு கூர்மையான சிகரங்கள் வரும். தூளில் ஒரு பகுதி உருக்குலைந்து போனாலும் மிச்சப் பகுதி அதே இடத்தில் அதே சிகரங்களைக் கொடுக்கும். உருக்குலைந்த பகுதி பின்னணியில் சின்ன மேடாகக் கரைந்துவிடும். மென்பொருள் வேறு எல்லாச் சிகரங்களையும் ஒரே உயரத்துக்கு இழுத்துக் காட்டும், கேட்கவே வேண்டாம்.

நைட்ரஜன் உறிஞ்சலை அளந்து பரப்பளவு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். அது பொய் சொல்வது குறைவு. தொடக்கத்தில் கிராமுக்கு 1200 சதுர மீட்டர் இருந்து, ஐந்து சுற்றுக்குப் பின் 700 ஆனால், எக்ஸ்ஆர்டி எத்தனை அழகாக இருந்தாலும் துளைகள் அடைந்திருக்கின்றன அல்லது இடிந்திருக்கின்றன. நன்றாகக் கழுவி மறுபடி அளந்தால் இரண்டில் எது என்று தெரியும்: அடைப்பு என்றால் பெரும்பாலும் பரப்பளவு ஏறும், இடிந்தது ஏறாது.

எந்த மாஃப் எதைத் தாங்கும்?

முடிச்சும் கழியும் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன என்பதே கணக்கு. மாஃப்-5 துத்தநாகமும் கார்பாக்சிலேட்டும் சேர்ந்தது. காற்றின் ஈரத்திலேயே பொடிந்துவிடும். வரலாற்றில் பெரிய பெயர், ஆனால் நீர் உண்டாகும் எந்த வினைக்கும் அதைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். அதே துத்தநாகத்தை இமிடசோலேட்டோடு கட்டிய ஸிஃப்-8 கொதிக்கும் நீரையும் தாங்கும், காரத்தையும் தாங்கும். அமிலம் பட்டால்தான் அது கரைந்துபோகும்.

ஜிர்கோனியமும் கார்பாக்சிலேட்டும் சேர்ந்த யுஐஓ-66 குடும்பம் இதற்கு எதிர்த்திசை: அமிலத்தில் உறுதி, வலுவான காரத்தில் தளர்ச்சி. அதோடு அதற்கு ஒரு தனிப்பட்ட எதிரி உண்டு, பாஸ்ஃபேட். ஜிர்கோனியத்துக்கு பாஸ்ஃபேட் மேல் அத்தனை மோகம், கழியை உதறிவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். பாஸ்ஃபேட் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) உயிர்வேதி வினை செய்யப் போய், மாஃபைத் தொலைத்தவர்கள் பலர். ஃபுளோரைடும் அதே வேலையைச் செய்யும். குரோமியத்தில் செய்த மில்-101 நீருக்கும் வெப்பத்துக்கும் நன்றாக நிற்கும், கூண்டுகளும் பெரியவை, 29 மற்றும் 34 ஆங்ஸ்ட்ராம். பெரிய மூலக்கூறுகளோடு வேலை என்றால் நான் முதலில் அங்கே போவேன்.

வினைக்கு ஏற்ற மாஃப் தேடும்போது வினைபடுபொருளை மட்டும் பார்க்காதீர்கள். கூடவே சேர்க்கும் காரம், உண்டாகும் நீர், கழுவும் கரைப்பான் எல்லாம் சட்டகத்தைத் தொடும். சுசூகி வினைக்குப் பொட்டாசியம் கார்பனேட்டை அள்ளிப் போட்டுவிட்டு, கார்பாக்சிலேட் மாஃப் ஏன் மூன்றாம் சுற்றில் கஞ்சியானது என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் தூள் குறைந்துகொண்டே வருகிறது. என்ன செய்வது?

எல்லோருக்கும் குறைகிறது. சென்ட்ரிபியூஜ் குழாயின் சுவரில் ஒட்டும், மேலே இருக்கும் திரவத்தை ஊற்றும்போது கொஞ்சம் கூடவே போகும், காந்தக் கலக்கியின் தலையில் ஒரு படலம் நிற்கும். ஒரு மீட்புக்கு 5 விழுக்காடு போனால், நான்கு மீட்புக்குப் பின் 50 மில்லிகிராம் 41 ஆகியிருக்கும். வேகம் குறைந்தது வினையூக்கி சோர்ந்ததாலா, அளவு குறைந்ததாலா என்று தெரியாமல் போகும்.

இரண்டு நேர்மையான வழிகள். ஒவ்வொரு சுற்றிலும் தூளை உலர்த்தி, எடை போட்டு, அதற்கேற்ப வினைபடுபொருளையும் கரைப்பானையும் குறைப்பது ஒன்று. மூன்று நான்கு வினைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, மீண்ட தூளைச் சேர்த்து, அடுத்த சுற்றுக்குச் சரியான அளவை எடுத்துக்கொள்வது இன்னொன்று. குறைந்த அளவுக்குப் புதிய தூளைச் சேர்த்து நிரப்புவது வழி அல்ல, மோசடி. மீட்ட தூளை வினையிலேயே அப்படியே விட்டு, புதிய வினைபடுபொருளை மட்டும் ஊற்றும் முறையும் உண்டு. எடையிழப்பு இருக்காது, ஆனால் விளைபொருள் சேர்ந்துகொண்டே போகும். அது துளையை அடைத்தால் அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

என் முதல் வருடத்தில் நான்காம் சுற்றில் விளைச்சல் திடீரென்று ஏறியது. இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன். அடுப்பில் சரியாக உலராத தூளை எடை போட்டு, கழுவிய எத்தனாலையும் வினையூக்கி என்று எண்ணி வினைபடுபொருளின் அளவை மாற்றியிருக்கிறேன். அளவுத் திருத்தம் செய்பவர்கள் உலர்த்திய தூளின் எடை மாறாமல் நிற்கிறதா என்று இரண்டு முறை பார்ப்பது நல்லது.

சோர்ந்த மாஃபைத் தேற்ற முடியுமா?

ஏன் சோர்ந்தது என்பதைப் பொறுத்து. விளைபொருள் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு விடாததால் என்றால், நல்ல கரைப்பானில் கழுவினால் போதும். கழி உதிர்ந்ததால் என்றால், புதிய லிங்கர் கரைசலில் ஊறவைத்து ஓரளவு ஓட்டை அடைக்கலாம். சட்டகமே இடிந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

எரிக்கலாமே என்று கேட்பீர்கள். சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த துளைகள் உள்ள கனிமமான ஸியோலைட்டை அப்படித்தான் செய்கிறார்கள்: பெட்ரோலிய ஆலையில் சில நொடிகள் வேலை செய்து கரி படிந்த வினையூக்கியை 700 டிகிரி அளவில் காற்றில் எரித்துக் கரியைப் போக்கி, உடனே திரும்ப அனுப்புகிறார்கள். அந்தத் தெம்பு மாஃபுக்கு இல்லை. உறுதியானது என்று பெயர் வாங்கிய யுஐஓ-66கூட 500 டிகிரி தாண்டினால் உதிரத் தொடங்கிவிடும், அதன் கழியே கரிமம் ஆயிற்றே. கரியை எரித்தால் கழியும் சேர்ந்து எரியும். அதனால் கரி படியும் உயர்வெப்ப வினைகளில் ஸியோலைட்டோடு மாஃப் போட்டி போடுவது எனக்குப் புரியாத ஆசை.

பிறகு மாஃப் எதற்கு?

ஸியோலைட்டில் செய்ய முடியாததற்கு. ஒவ்வொரு உலோக அணுவும் ஒரே மாதிரிச் சுற்றுச்சூழலில், ஒன்றையொன்று நெருங்க முடியாத தூரத்தில் நிற்கிறது. கரைசலில் இருந்தால் இரண்டு மூலக்கூறுகள் மோதி இணைந்து செத்துவிடும் வினையூக்கிகளை இங்கே தனித்தனியே கட்டிவைக்கலாம். மிர்சியா டின்கா குழு எம்எஃப்யு-4எல் என்ற மாஃபின் துத்தநாகத்தில் சிலவற்றை நிக்கலாக மாற்றி, எத்திலீனைத் தேர்ந்தெடுத்து 1-பியூட்டீனாக்கியது. கரைசலில் வேலை செய்யும் நிக்கலின் குணத்தைத் திண்மத்துக்குள் கொண்டுவந்த நல்ல உதாரணம்.

இன்னொன்று நரம்பு நச்சு வாயுக்களைச் சிதைக்கும் ஜிர்கோனியம் மாஃப்கள், யுஐஓ-66, என்யு-1000. நச்சு மூலக்கூறில் பாஸ்ஃபரஸும் ஆக்சிஜனும் இருக்கின்றன. மேலே எதிரி என்று சொன்ன பாஸ்ஃபேட் மோகம் இங்கே கைகொடுக்கிறது. ஆனால் அதே மோகத்தால் சிதைந்து கிடைக்கும் விளைபொருளும் ஜிர்கோனியத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. பஃபர் கரைசலில் வேகமாகச் சுழல்வது, துணியில் பூசி உலர்ந்த காற்றில் வைத்தால் மந்தமாகிறது. மறுபயன்பாடு என்ற கேள்வி இங்கே குடுவைக்குள் நிற்பதில்லை, ஒரு முகமூடியைச் சார்ந்து நிற்கிறது.

தொழிற்சாலையில் மாஃப் வினையூக்கி ஓடுகிறதா?

மாஃப் டன் கணக்கில் தயாராகிறது, ஆனால் அந்த ஓட்டம் பெரும்பாலும் வாயுப் பிரிப்பை நோக்கி. கரியமில வாயுவைப் பிடிக்கும் கால்ஃப்-20 என்ற துத்தநாக மாஃபை ஆண்டுக்குப் பல நூறு டன் அளவில் தயாரிப்பதாக பாஸ்ஃப் நிறுவனம் 2023இல் அறிவித்தது. உறிஞ்சுவதும் விடுவதும் சட்டகத்துக்குச் சுலபம், எந்தப் பிணைப்பும் உடைய வேண்டியதில்லை. வினையூக்கத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பிணைப்பு உருவாகி உடைகிறது, தேய்மானம் அங்கேதான்.

முதல் மறுபயன்பாட்டுச் சோதனையை எப்படித் திட்டமிடுவது?

மாஃபைத் தொடும் முன் வினையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வினையூக்கி இல்லாமல், லிங்கரோடு, உலோக உப்போடு என மூன்று வெற்று ஓட்டங்கள். பிறகு மாஃப் சேர்த்து முழு வளைவு வரைந்து, வினை 30 விழுக்காட்டை எட்டும் நேரம் எதுவென்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் எல்லாச் சுற்றையும் அந்த நேரத்தில்தான் அளக்கப் போகிறீர்கள். நான்கு குடுவைகளை ஒன்றாக வையுங்கள். ஒன்றைச் சூட்டோடு வடிகட்டவும், மற்ற மூன்றை மீட்கவும்.

தொடங்கும் முன் புதிய தூளில் 100 மில்லிகிராமைத் தனிக் குப்பியில் ஒதுக்கி, மூடி இறுக்கி, உலர்கலத்தில் வைத்துவிடுங்கள். ஐந்து வாரம் கழித்து நைட்ரஜன் உறிஞ்சலுக்கும் எக்ஸ்ஆர்டிக்கும் ஒப்பிட அது வேண்டும். பெரும்பாலானவர்கள் இதை மறந்து, முழுவதையும் முதல் சுற்றிலேயே கொட்டிவிடுகிறார்கள்.